ட்ரூப் பேட்ச் போட்ட அனுபவங்கள்: ‘சாரணர்’ல புள்ளியைக் காணோம்

முடிச்சுக்கயிறு:
எங்க ட்ரூப் (சாரணர் படை) சட்டையில தைக்க 80 எம்பிராய்டரி பேட்ச் ஆர்டர் பண்ணினேன். 75 மி.மீ. வட்டம், கருநீல ட்வில் துணி, ஓரத்தைச் சுத்தித் தடிப்பா நூல் போர்த்தித் தைக்கிற மஞ்சள் மெர்ரோ பார்டர். மேல் வளைவுல ‘சாரணர் படை’, எழுத்து உயரம் 5 மி.மீ. கவரைப் பிரிச்சா பாதிக்குப் பாதி ‘சாரணர படை’! லென்ஸ் வச்சுப் பார்த்தா ‘ர’ தலைக்கு மேல ஒரு ஊசி ஓட்டை, பிசிறா ஒரு வெள்ளை நூல் நுனி, அவ்வளவுதான். புள்ளி மொத்தமே நாலஞ்சு தையல். டிஜிட்டைஸ் பண்ணும்போது, அதாவது படத்தை மெஷினுக்கான தையல் ஃபைலா மாத்தும்போது, நூல் உருவாம இருக்கக் கடைசியில போடுற லாக் தையலை வைக்காம விட்டிருக்காங்க. எழுத்துக்கு எழுத்து தாவுற நூலைக் கத்தரிக்கும்போது புள்ளியும் கூடவே உருவிக்கிட்டு வந்துடுச்சு. திரையில பார்த்த டிசைன்ல புள்ளி பளிச்னு இருந்தது. தைச்ச சாம்பிள் வாங்காம படத்தை நம்பி ஓகே சொன்னதால வந்த வினை.

வேங்கை அணி:
லாக் போட்டிருந்தாலும் 5 மி.மீ.ல தமிழ் நிக்காது மாஸ்டர். அது இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கான அளவு. 40ஆம் நம்பர் நூல் ஒரு வரி ஓடினாலே சுமார் 0.4 மி.மீ. அடைக்கும், ‘ண’ சுழி மூடிக்கும். 8 மி.மீ.க்குக் கீழ இறங்கவே கூடாது. இடமே இல்லைன்னா அதைவிட மெல்லிசான 60ஆம் நம்பர் நூலும் மெல்லிய ஊசியும் கேளுங்க. இல்லாட்டி எழுத்தைத் துணியோடவே நெய்யுற வோவன் பேட்ச்.

கூடாரம்:
வோவன்ல சின்ன எழுத்து தெளிவா வரும், ஆனா தட்டையா லேபிள் மாதிரி இருக்கும். சாரணர் சட்டைக்கு எம்பிராய்டரியோட புடைப்புதான் அழகு. எழுத்து எண்ணிக்கையைக் குறைங்க, நூலை மாத்த வேண்டாம். இன்னொண்ணு, மெர்ரோ பார்டர் 3 மி.மீ.க்கு மேல தின்னும், எழுத்து அதுலேர்ந்து 2 மி.மீ.யாவது தள்ளி இருக்கணும். உள்பக்கம் மடங்குற மூலை இருக்கிற வடிவத்துக்கு மெர்ரோ மெஷின் திரும்பாது. அதுக்கு நெருக்கமான தையலா சாட்டின் பார்டர் அடிச்சு ஓரத்தைச் சூட்டுல வெட்டச் சொல்லணும்.

பழைய ஸ்கார்ஃப்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். ஊதாப் பின்னணியில வெள்ளை லில்லி, சுத்திலும் கயிறு இருக்கே, அந்த உலகச் சாரணர் சின்னத்தை இஷ்டத்துக்குப் போடக் கூடாது. தேசியச் சங்கத்தோட அனுமதி வேணும். 15 மி.மீ.க்குச் சுருக்கினா கீழே இருக்கிற ரீஃப் நாட் முடிச்சு வெறும் உருண்டையாயிடும், ரெண்டு நட்சத்திரமும் பொட்டாயிடும். முகாம் வருஷத்தை வட்டத்துக்குள்ள போடாதீங்க, கீழே தனி வளைவுப் பட்டையா அடிச்சா மிச்சம் அடுத்த வருஷத்துக்கு ஆகும். அயர்ன் பண்ணி ஒட்டுற பசை துவைக்கத் துவைக்க ஓரம் கிளம்பும். பார்டரை ஒட்டி உள்பக்கமா, அதே கலர் நூல்ல தைச்சுடுங்க. டிஜிட்டைசிங்குக்குக் காசு கொடுத்தா மெஷின் படிக்கிற டிஎஸ்டி தையல் ஃபைலையும் கையோட வாங்கிடுங்க. இல்லாட்டி வேற எம்பிராய்டரி யூனிட்டுக்குப் போனா திரும்பவும் முதல்லேர்ந்து செலவு.

முடிச்சுக்கயிறு:
அடுத்த ஆர்டருக்கு 8 மி.மீ., ‘படை’யை எடுத்துட்டு ‘சாரணர்’ மட்டும். இப்போ கையில இருக்கிறதுல புள்ளி போனதுக்கெல்லாம் வெள்ளை எம்பிராய்டரி நூல் ரெண்டு இழை, ஊசியில ரெண்டு சுத்து சுத்தி, ஃப்ரெஞ்ச் நாட்ங்கிற சின்ன முடிச்சுத் தையல் போடுறேன். பின்பக்கம் பசை பூசாத பேட்ச்ங்கிறதால ஊசி சுலபமா இறங்குது.