624 குரல்: உழைப்பா, வீம்பா? பிரிட்டிஷ் ராக் குழு 10சிசியின் ‘தி ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்’ (1975)

ரீல்மணி:
இந்த ஆல்பத்தைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் எல்லாரும் ‘ஐம் நாட் இன் லவ்’ என்ற ஒரே பாட்டைத்தான் சொல்கிறார்கள். அதில் பின்னால் வரும் ‘ஆ...’வுக்கு மட்டும் மூன்று வாரம்! மெல்லோட்ரான் (கட்டையை அழுத்தினால் பதிவு செய்த டேப் ஓடும் கீபோர்டு) அப்போதே இருந்தது. கோரஸ் டேப் போட்டு வாசித்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. சுத்த வீம்பு.

காந்தநாடா:
மெல்லோட்ரானில் கட்டைக்கு ஒரு டேப் துண்டு. சுமார் 8 நொடியில் தீர்ந்துவிடும், கையை எடுத்துத் திரும்ப அழுத்தணும், குரல் மறுபடி முதலிலிருந்து எழும். இங்கே பாட்டு 6 நிமிடம், குரல் மூச்சே விடுவதில்லை. டேப்பின் இரு முனையையும் ஒட்டி, முடிவில்லாமல் சுற்றும் வளையம் போட்டால்தான் நடக்கும்.

ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் நடந்தது இதுதான். குழுவின் நால்வரில் கோல்ட்மன், காட்லி, க்ரீம் மூவரும் ஒரே சுரத்தை டேப்பின் 16 டிராக்கிலும் (தனித்தனிப் பதிவுத் தடங்கள்) பாடினார்கள். 48 குரல். அதை ஸ்டீரியோவாக இறக்கி, வெட்டி ஒட்டி வளையமாக்கினார்கள். இப்படி 13 சுரம், ஆக 624. வளையம் ஏறக்குறைய 12 அடி. ஒட்டிய இடம் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் தாண்டும்போதெல்லாம் ‘டிக்’ கேட்கும் என்பதால்தான் அவ்வளவு நீளம். நொடிக்கு 15 அங்குலம் என்று வைத்தால் 9.6 நொடிக்கு ஒரு தடவைதான் ஒட்டு வரும். தொய்ந்தால் சுருதி ஆடிவிடும், அதனால் மறுமுனையை மைக் ஸ்டாண்டில் மாட்டி விறைப்பாகப் பிடித்தார்கள்.

ஃபேடர்பித்தன்:
வளையம் பாதிக் கதைதான். 13 சுரமும் 16 டிராக் டேப்பில் விடாமல் ஓட, நால்வரும் மிக்ஸரில் உட்கார்ந்து ஃபேடரை (ஒவ்வொரு சுரத்தின் ஒலியளவையும் கூட்டிக் குறைக்கும் நகர்த்து பிடி) ஏற்றி இறக்கித்தான் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றினார்கள். ஃபேடர் முழுசாக அடைபடாதபடி அடியில் டேப் ஒட்டியிருந்தார்கள். அதனால் வேண்டாத சுரங்களும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பனிமூட்டம் அங்கிருந்து வருவது. மிக்ஸரையே வாத்தியமாக வாசித்திருக்கிறார்கள் ஐயா, இதைப் போய் வீம்பு என்றால்?

ரீல்மணி:
சரி, 1975க்கு ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு ஒரு குரலை எடுத்து 48 தடவை காப்பி செய்தால் போச்சு.

காந்தநாடா:
செய்து பாருங்கள், சத்தம்தான் கூடும். ஒரே அலை 48 மடங்கானால் 33.6 டெசிபல் ஏறும், குரல் என்னவோ ஒன்றுதான். தனித்தனியாகப் பாடிய 48 டேக் சேர்ந்தால் ஏற்றம் சுமார் 16.8 டெசிபல்தான். ஆனால் ஒவ்வொன்றும் சுருதியில் மயிரிழை விலகி நிற்பதால் கூட்டமாகக் கேட்கும். காப்பிகளைச் சில மில்லிநொடி தள்ளி வைத்தாலும் தப்பாது, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று குழாய்க்குள் பாடியதுபோல் ஆகிவிடும்.

ஃபேடர்பித்தன்:
கணினியில் செய்கிறவர்களுக்கு: கமகம், நடுக்கம் கூடாது, தட்டையாகப் பாடுங்கள். சுருதி திருத்தும் பிளக்கினைத் தொடாதீர்கள். தொடக்கத்தையும் மூச்சையும் வெட்டிவிட்டு, ஒட்டுமிடத்தில் அரை நொடி கிராஸ்ஃபேட் (ஒன்று அடங்க அடங்க மற்றது எழுவது). வளைய நீளங்கள் 9.1, 9.7, 10.3 நொடி என்று மாறட்டும், இல்லையென்றால் எல்லா ஒட்டும் ஒரே நேரத்தில் வந்து மொத்தமும் மூச்சு வாங்கும். வேண்டாத சுரங்களின் கசிவை மைனஸ் 40 டெசிபலில் தொடங்குங்கள். மைனஸ் 25க்கு வந்தாலே பக்கத்துச் சுரங்கள் உரசிச் சேறாகிவிடும். குரல்களில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பாஸ் டிரம் இதயத்துடிப்பு மாதிரி மெத்தென்று வேணும். காட்லி அதை மூக் சிந்தசைசரில்தான் செய்தார்.

ரீல்மணி:
பாட்டை விடுங்கள். ஆல்பத்தில் மீதி? ‘உன் நுயி எ பாரி’ 8 நிமிடத்துக்கு மேல் நாடகம் போடுகிறது. கடைசிப் பாட்டு வெறும் கேலி.

காந்தநாடா:
‘லைஃப் இஸ் எ மினஸ்ட்ரோனி’ பிரிட்டனில் 7ஆம் இடம் வரை போனது, அதுவும் கேலிதானே? ‘உன் நுயி’யில் மூன்று பகுதியும் ஒட்டும் இடங்களை ஹெட்ஃபோனில் கேளுங்கள், பிறகு பேசலாம்.

ரீல்மணி:
கேட்டாயிற்று. ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது. நாடகம் இன்னும் நீளம்தான்.