டிலைட் தியேட்டர், வெரைட்டி ஹால் ரோடு, கோவை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கெம்பட்டிக்காரன்:
டிலைட்டை இடித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கடைசிக் காலத்தில் பழைய படமாகவே ஓட்டினார்கள் அல்லவா, அப்போது ஒரு மதியக் காட்சி. எம்ஜிஆர் படம். ஃபேனுக்குக் கீழே இருந்த சீட்டுகளில் மட்டும் ஆள். பாட்டுக்குப் பாட்டு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கிளைமாக்ஸ் நெருங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "இதுக்கு மேல வேண்டாந் தம்பி. வாத்தியாரைக் கொன்னு போடுவாங்க. நீயும் கெளம்பு" என்றார். நான் எழவில்லை. அவர் பக்கத்துக் கதவைத் திறந்ததும் வெயில் பாய்ந்து பாதித் திரை வெளுத்துப்போனது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பீளமேட்டான்:
படம் 'பாசம்' தான், 1962. எம்ஜிஆர் செத்துப்போவதால் ஓடாத படம். எனக்கு டிலைட் என்றால் ஆபரேட்டர் ரூம்தான். மாமாவுக்குப் பழக்கமானவர் என்பதால் உள்ளே விட்டார்கள். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிய எரிய நடுவில் இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும், கீழே விசில் பறக்கும். ஆபரேட்டர் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்து ஒரு திருகு திருகுவார், படம் பளிச்சென்று வந்துவிடும். அன்றைக்கு அந்தத் திருகை என்னைத் திருப்பச் சொன்னார். கீழே விசில் நின்றது. அவ்வளவுதான், ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்க முடியவில்லை. எரிந்து மிஞ்சிய துண்டு ஒன்று, செம்புப் பூச்சோடு, இன்னும் பீரோவில் கிடக்கிறது.

மவுண்ட்ரோடு வாசகன்:
எம்ஜிஆர் செத்தால் படம் ஓடாதா? 1956-ல் 'மதுரை வீரன்' எப்படி ஓடியதாம்? அதிலும் சாகத்தானே செய்கிறார்! இன்னொன்று, டிலைட்டைத் தென்னிந்தியாவின் முதல் தியேட்டர் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். வெரைட்டி ஹால் என்ற பழைய பெயரில் அதைக் கட்டியது 1914. சென்னையில் வார்விக் மேஜரின் எலக்ட்ரிக் தியேட்டர் 1913. அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இருக்கிறது. அஞ்சல்தலை வாங்கப் போனவன், திரை எந்தச் சுவரில் இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "டோக்கன் எடுத்தீங்களா சார்?" என்று கேட்டார்கள்.

ராஜவீதி அண்ணாச்சி:
மவுண்ட்ரோடு தம்பி, உங்கள் எலக்ட்ரிக் தியேட்டர் 1915-லேயே தபால் இலாகா கைக்குப் போய்விட்டது. எங்கள் வெரைட்டி ஹால் டிலைட்டாகப் பெயர் மாறி நூறு வருஷம் தாண்டியும் நின்றது. அதைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் வெள்ளைக்காரத் துரை இல்லை, திருச்சியில் ரயில்வே குமாஸ்தா. 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிவிட்டு, அப்புறம்தான் கோவையில் கட்டடம் எழுப்பினார். சும்மா ஒரு வருஷம் முந்தியதை வைத்துக்கொண்டு பேச வேண்டாம். ஊரில் ஒரு ரோட்டுக்கே தியேட்டர் பெயர் நிலைத்திருக்கிறது, உங்கள் பக்கம் அப்படி உண்டா?

சிங்காநல்லூர் ரசிகன்:
நான் டிலைட்டில் ஒரே ஒரு படம்தான் பார்த்தேன், அதிலும் பாதியில் கரண்ட் போய்விட்டது. ஆனால் பழைய பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிலிம் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடாதீர்கள். 1950-களின் தொடக்கம் வரை வந்த பிலிமில் நைட்ரேட் உண்டு, தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டில் வைக்கவே கூடாது. அதற்குப் பிந்தியது பெரும்பாலும் அசிடேட் பிலிம். கெட ஆரம்பித்தால் வினிகர் மாதிரி புளித்த வாடை வரும். அப்படி வந்தால் உடனே மற்ற துண்டுகளிலிருந்து பிரித்துவிடுங்கள், ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெடும். தனித்தனிக் காகித உறையில் போட்டு, வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் கூடவே கூடாது, கோடையில் வெந்துவிடும். விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஸ்கேன் செய்து வைப்பது இன்னும் நல்லது. பீளமேட்டான், உங்கள் பீரோவை இன்றைக்கே பாருங்கள்.

பீளமேட்டான்:
அண்ணா, என்னிடம் இருப்பது கார்பன் குச்சிங்க. பிலிம் இல்லை.