பனிப்புண் வேண்டாம், கன்றல் என்போம்

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

கொரோனாத் தொற்றையொட்டிச் சிலருக்குக் கால்விரல் வீங்கி நிறம் மாறுவதற்குப் 'பனிப்புண்' என்று தமிழில் பேர் வைக்கலாம் எனப் போன மடலில் ஒரு யோசனை வந்திருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. குளிர்நாடுகளில் ஈரக் குளிரால் விரல் வீங்குவது பழகிய நோய். 2020இல் கொரோனாவையொட்டிய விரல் வீக்கத்தைக் கண்ட மருத்துவர்கள் அந்தக் குளிர்நோயின் சாயலில் பேரிட்டார்கள். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. காரைக்குடியில் எங்கள் அப்பத்தாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "பனிவெடிப்பாப்பா? வேப்பெண்ணெயில மஞ்சளக் குழைச்சுத் தடவு" என்றார். குதிகால் வெடிப்பு என்றே எடுத்துக்கொண்டார். தவிர, இதில் பெரும்பாலும் தோல் உடைவதில்லை. அரிக்கும் அல்லது வலிக்கும், சில வாரங்களில் தானே அடங்கும். புண் என்பதும் பொருந்தாது.

'செவ்விரல்' என்றும் வைக்கலாம், அழகான சொல்தான். ஆனால் நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? கருநீலமாகவோ கூடுதல் கறுப்பாகவோதான் தெரியும். சிவப்பைத் தேடுகிறவர் கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவார்.

செட்டிநாட்டில் கதவிடுக்கில் விரல் நசுங்கினால் 'கன்னிப்போச்சு' என்போம். எழுத்தில் கன்றுதல். நிறம் மாறுவது, வீங்குவது, தோல் உடையாதது மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ஆகவே 'விரற்கன்றல்'. முன்னால் 'கொரோனா' சேர்க்க வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். இப்படி விரல் கன்றிய பலருக்குச் சோதனையில் தொற்றே தெரியவில்லை. காரணத்தில் மருத்துவர்களே ஒன்றுபடாதபோது பெயரில் அதை ஏற்றக் கூடாது.

2020இல் ஸ்பெயினில் கொரோனாவையொட்டித் தோல் அறிகுறி கண்ட 375 பேரை ஆராய்ந்தபோது விரற்கன்றல் 19 விழுக்காடு. தட்டையும் மேடுமாகப் படரும் தடிப்புதான் அதிகம், 47 விழுக்காடு. தடிப்பு, காணாக்கடி, கொப்புளம் என மற்றவற்றுக்குச் சொல் கைவசம் இருக்கிறது.

கொப்புளத்தை மட்டும் 'கொரோனா அம்மை' என்று எழுதிவிடாதீர்கள். அம்மை என்று காதில் விழுந்தால் எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் போகாத வீடுகள் இன்றும் உண்டு. மூச்சுத்திணறல் அதுவரை காத்திருக்காது.

சொற்களைச் சேர்த்தெழுதும் புணர்ச்சி பற்றி ஒரு கேள்வி. அகராதியில் 'விரற்கன்றல்' சரி. கிராமச் செவிலியருக்கான துண்டறிக்கையில் 'விரல் கன்றல்' என்று பிரித்தே எழுதலாமா?