‘ஒதுக்கியது’ வேண்டாம்: சரக்கிருப்புத் திரைக்கு இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

கொள்முதல், சரக்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற ஈஆர்பி மென்பொருள்களின் சரக்கிருப்புப் பகுதியில் வரும் ‘ரிசர்வ்டு’ என்ற சொல்லுக்கு ‘ஒதுக்கியது’ என்று நம் தமிழாக்கச் சொற்பட்டியலில் முடிவு செய்து வைத்திருக்கிறோம். அதை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல்லுக்கு ஆதரவாக அன்று எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் மாற்றச் சொல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு.

திருப்பூரில் ஒரு நூல் வியாபாரிக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஈஆர்பி மென்பொருளை அமைத்துக்கொடுக்கும் வேலையில் சில மாதங்களாக இருக்கிறேன். அதில் கிடங்குகளை மரம்போலக் கிளை பிரித்து வைக்கலாம். நான் பெரிய குடோனைத் தாய்க்கிளையாக வைத்து, விற்கும் சரக்குக்கு ஒன்று, மில்லுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய சரக்குக்கு ஒன்று என்று இரண்டு கிளை போட்டிருந்தேன். கொள்முதல் ரசீது போடும்போது தரத்தில் தேறாத மூட்டைகளைத் தனிக் கிடங்கில் வரவு வைக்க அந்த மென்பொருளிலேயே வசதி இருக்கிறது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் திரை முழுக்கத் தமிழில் வைத்தேன். நம் சொற்பட்டியலை அப்படியே ஏற்றினேன்.

ஒரு நாள் காலையில் அவர் கையில் இருந்த அச்சுத்தாளில் 30-ஆம் நம்பர் நூலுக்கு நேராக ‘கையிருப்பு 100, ஒதுக்கியது 40’ என்று இருந்தது. அவர் ஆட்களை விட்டு 40 மூட்டைகளைத் தூக்கி, மில்லுக்குத் திருப்புகிற மூலையில் அடுக்கிவிட்டார். இரண்டு லாட்டிலிருந்தும் (லாட் என்பது மில்லில் ஒரே தொகுதியாக ஓட்டிய நூல்) கைக்கு எட்டியதை எடுத்திருந்தார்கள். மதியம் நிட்டிங்காரரின் வண்டி வந்தது. அவருடைய ஆர்டருக்காகத்தான் அந்த 40 கணக்கில் நின்றது. ஒரே லாட்டாக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். லாட் கலந்தால் சாயம் போட்ட பிறகு துணியில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும். வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையாகச் சீட்டைப் பார்த்து லாட் பிரித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. “தம்பி, நீங்க போட்டதுல ஒதுக்கியதுன்னுதானுங்களே இருக்குது?” என்று கேட்டார் அண்ணன். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. பனியன் கம்பெனியில் பீஸ் பார்த்து ஒதுக்குவது என்றால் தேறாததைத் தனியே போடுவது. தெருவில் குப்பையை ஒதுக்குகிறோம், ஊரை விட்டு ஒருவரை ஒதுக்கிவைத்த கொடுமையையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். சரக்கோடு சேரும்போது அந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் ‘வேண்டாதது’ என்பதுதான்.

‘ஒதுக்கீடு’ என்றால் இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்று எல்லாருக்கும் புரிகிறதே என்று அன்று நான் வாதாடினேன். அங்கே பங்கு பிரித்துக் கொடுப்பது பொருள், புரிகிறது. ஆனால் திரையில் ஈறு மாறி ‘ஒதுக்கியது’, ‘ஒதுக்கப்பட்டவை’ என்று நின்றவுடன் அந்த நல்ல பொருள் கழன்றுவிடுகிறது. போதாததற்குக் கணக்குப் பதிவியலில் ‘வாரா ஐயக்கடன் ஒதுக்கு’ என்று பள்ளிப் பாடநூலிலேயே அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. சரக்கும் கணக்கும் ஒரே மென்பொருளில் ஓடும்போது ஒரே சொல் இரண்டு இடத்திலும் வந்தால் கணக்கர் ஒன்று நினைப்பார், குடோன்காரர் ஒன்று நினைப்பார்.

சரி, வேறு என்ன சொல் என்று தேடப் போனபோதுதான் இன்னொன்று புரிந்தது. ‘ரிசர்வ்டு’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு கருத்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

கையிருப்பு 100 மூட்டை. 120 மூட்டைக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் இருப்பு விவரத்தில் ‘ரிசர்வ்டு’ கட்டம் 120 என்று காட்டும். விற்பனை ஆர்டரைச் சமர்ப்பித்து இன்னும் அனுப்பாமல் இருக்கிற எல்லாமே அதில் சேரும், சரக்கு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வரப்போகும் கொள்முதல் எதுவும் இல்லையென்றால் எதிர்பார்ப்பு இருப்பு −20 ஆகும். ஓடூ என்ற இன்னொரு ஈஆர்பி மென்பொருளில் அதே நிலையில் ‘ரிசர்வ்டு’ 100-ஐத் தாண்டாது. அது கிடங்கில் உள்ள குறிப்பிட்ட சரக்கை, லாட் இருந்தால் குறிப்பிட்ட லாட்டை, குறிப்பிட்ட இடத்தில் வைத்து இன்னாருக்கு என்று பூட்டுகிறது. மிச்சம் 20 காத்திருக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் 15-ஆம் பதிப்பிலும் விற்பனை ஆர்டருக்கு இப்படிச் சரக்கைப் பூட்டுகிற தனிப்பதிவு வந்திருக்கிறது. ஆக, ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டும் வேண்டும்.

முதல் கருத்துக்கு நம்மிடம் பழகிய சொல் இருக்கிறது: சொல்லிவைத்தது. “பாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்”, “கல்யாணத்துக்கு வாழை இலைக்குச் சொல்லி வைத்தாயிற்றா?” என்று தினமும் பேசுகிறோம். சொல்லிவைத்தால் சரக்கு அந்த நிமிடம் கடையில் இருக்க வேண்டும் என்று இல்லை. நாளைக்கு வேண்டும், இவ்வளவு வேண்டும் என்ற பேச்சு முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். கையிருப்பு 100, சொல்லிவைத்தது 120 என்று எழுதினால் யாரும் திகைக்க மாட்டார்கள், 20 குறைகிறதே என்று உடனே மில்லுக்குப் போன் போடுவார்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் அந்தக் கட்டத்தை வைத்திருப்பதும் அதற்குத்தான்.

இரண்டாவது கருத்துக்குச் சொல் அமைவது இவ்வளவு சுலபமாக இல்லை. ‘முன்பதிவு’ என்றார் ஒரு நண்பர். அது பதிவு செய்கிற ஆளைச் சொல்கிறது, சரக்கைச் சொல்லவில்லை. விற்பனை ஆர்டரோடும் குழம்பும். ‘பேரிருப்பு’ என்று ஒன்று வந்தது. பேர் எழுதிய இருப்பு என்ற எண்ணம் நல்ல எண்ணம், குடோன்களில் மூட்டைமேல் சாக்கட்டியால் பார்ட்டி பேரை எழுதுவது உண்டு. ஆனால் சேர்த்து எழுதினால் பெரிய இருப்பு என்றுதான் படிக்கத் தோன்றும். ‘எடுத்துவைத்தது’ எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக இருந்தது. பூக்காரம்மாவிடம் “ரெண்டு முழம் எடுத்து வைங்க” என்கிறோமே, அதே பொருள். ஆனால் அனுப்ப வேண்டிய சரக்கை அடுக்கிலிருந்து எடுக்கிற ‘பிக்கிங்’ என்பதற்கு ‘எடுப்பு’ என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம், எடுத்துவைத்தது என்றால் அடுக்கிலிருந்து உருவி வாசலில் வைத்தாகிவிட்டது என்று ஆகிவிடும். இங்கே மூட்டை நகரவே இல்லை. அதே அடுக்கில், அதே வரிசையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத எந்தச் சொல்லும் குடோனில் ஆட்களை வீணாகத் தூக்க வைக்கும்.

பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறோம். இருக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது, யாரும் உட்காரவில்லை, ஆனால் அது இன்னாருக்கு. இதைத்தான் ஓடூ சரக்கோடு செய்கிறது. எனவே என் பரிந்துரை: பிடித்துவைத்தது. பெயராக வேண்டிய இடத்தில் பிடித்துவைப்பு. பொத்தானில் ‘பிடித்துவை’.

இந்தச் சொல்லின் பெரிய பலம் அதன் எதிர்ச்சொல்தான். பிடித்ததை விட வேண்டும், ‘அன்ரிசர்வ்’ பொத்தானுக்கு ‘விடு’ என்ற இரண்டே எழுத்து போதும். ‘ஒதுக்கீட்டை நீக்கு’ என்று எழுதி அது கைப்பேசித் திரையில் பாதியில் வெட்டுப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஓடூவில் எப்போது பிடிப்பது என்பதற்கு மூன்று அமைப்புகள் உண்டு: ஆர்டர் உறுதியானதும் பிடித்துவை, கையால் பிடித்துவை, குறித்த நாளுக்கு இத்தனை நாள் முன்பு பிடித்துவை. எழுதிப் பாருங்கள், மூன்றும் வாயில் தடங்கலில்லாமல் வருகிறது.

மறுப்புகள் வரும் என்று தெரியும். ‘பிடித்தம்’ என்றால் சம்பளத்தில் கழிப்பதாயிற்றே என்பீர்கள். உண்மை, அதனால்தான் ‘பிடித்தம்’ என்றோ ‘பிடிப்பு’ என்றோ சுருக்கக் கூடாது. ‘பிடித்த இருப்பு’ என்றும் எழுதக் கூடாது, அது மனதுக்குப் பிடித்தது என்று ஆகிவிடும். ‘வை’ என்ற துணைவினை கட்டாயம் உடன் வர வேண்டும். தரச் சோதனைக்காகத் தடுத்திருக்கும் சரக்குக்கு ‘நிறுத்திவைத்தது’ என்று வைத்தால் இரண்டும் ஒரே அமைப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தலைப்பில் வினையாலணையும் பெயர் வரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கடைக் கணக்கு நோட்டில் ‘வரவேண்டியது’, ‘கொடுக்கவேண்டியது’ என்று நெடுங்காலமாகத் தலைப்பு எழுதுகிறோம், அந்த வழியில்தான் இதுவும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘சரக்கிருப்பு’ என்பதற்குப் பதில் ‘தொக்கு’ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இலங்கையில் ஆரம்பத் தொக்கு, இறுதித் தொக்கு என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் இயல்பு. இலங்கை வழக்குக்கு என்று தனிக்கோப்பு போடுவோம், இரண்டையும் ஒன்றாக்க முயல வேண்டாம். ‘வேர்ஹவுஸ்’ என்பதற்கு டாலி கணக்கு மென்பொருளில் உள்ளதுபோல ‘குடோன்’ என்றே வைக்கலாமே என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது கிடங்கு என்ற சொல்லின், அல்லது அதன் தெலுங்கு உறவின், வழியாக மலாய் ‘குடாங்’ ஆகி, ஐரோப்பியர் வாயில் புகுந்து திரும்பி வந்தது என்றே அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். தென்மாவட்டங்களில் கிட்டங்கி என்பார்கள், சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்திய இடங்களுக்கும் கிட்டங்கி என்றே பெயர். கிடங்கு என்று எழுதினால் எல்லாருக்கும் புரிகிறது, குடோன் என்று பேச்சில் சொல்லட்டும்.

அந்த அண்ணனிடம் போன வாரம் புதுத்தாளைக் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ‘சொல்லிவைத்தது 120’ என்ற வரியைப் பார்த்து, “அப்ப இருவது பத்தாதுங்களே” என்றார். ‘பிடித்துவைத்தது 40’ என்பதைக் காட்டி, இந்த மூட்டைகளை என்ன செய்வீர்கள் என்றேன். “ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. வேற பார்ட்டி கேட்டா குடுக்க மாட்டேன்” என்றார்.

ஒருவரிடம் கேட்டது போதாது. உங்களில் மருந்துக்கடை, மோட்டார் உதிரிபாகம், அரிசி மண்டி என்று வேறு தொழிலில் மென்பொருள் அமைப்பவர்கள், இதே இரண்டு வரிகளை அச்சடித்து அங்கே சரக்கு பார்ப்பவரிடம் காட்டி, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். இலங்கை நண்பர்கள், ‘சொல்லிவைத்தது’ என்பது அங்கே புழக்கத்தில் உள்ளதா என்று தெரிவியுங்கள். அதுவரை கோப்பில் ‘ஒதுக்கியது’ வரும் வரிகளை எல்லாம் ‘மறுபார்வைக்கு’ என்று குறித்து வைக்கிறேன். தேறாத சரக்குக்கு நாம் வைத்த ‘நிராகரித்தது’ அப்படியே இருக்கட்டும்.