மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஸ்நார்க்கெலிங்: திறந்துவிடலாமா?

திருநகர்வாசி:
போன மாதம் குடும்பத்தோடு தாய்லாந்தில் கிராபி போய்வந்தோம். அங்கே 'நான்கு தீவு' என்று ஒரு நாள் படகுப் பயணம் இருக்கிறது. காலையில் ஏற்றிக்கொண்டு போய் போடா தீவு, டுப் தீவு என்று வரிசையாகக் காட்டி, நடுவில் ஒரு மணல் கரையில் சாப்பாடு போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் தீவுகளுக்கு நடுவே மணல்திட்டு எழும்பும், நடந்தே போகலாம்.

நான் நீச்சல் கற்றது சோழவந்தான் பக்கம் ஒரு கிணற்றில். ஸ்நார்க்கெலிங் என்று மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் கடலில் முகம் கவிழ்ந்து மிதந்தது இதுதான் முதல் தடவை. மாஸ்க்கின் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் காற்றை இழு, விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு என்று படகில் இருந்த பையன் சொல்லிக்கொடுத்தான். எனக்கு நிற்கவில்லை. மீசைதான் காரணம், மேலுதட்டுப் பக்கம் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் கொஞ்சம் வாசலின் எடுத்து மீசையில் தடவிவிட்டான், கசிவு நின்றது. அப்புறம் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். பவளத்தைக் கிளிமீன் கொறிக்கிற சத்தம் காதில் 'கறக் கறக்' என்று கேட்டது. பையன் ரொட்டித் துண்டைப் போட, கறுப்பு வரி போட்ட மீன்கள் என் மகளின் கையைச் சுற்றி மொய்த்தன. எட்டு வயதுப் பிள்ளை இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. மதுரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டரில் பாம்பன். அங்கிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், 117 வகைப் பவளம். குருசடைத் தீவுக்குக் குந்துகாலில் இருந்து படகு விடுகிறார்கள், சரி. இன்னும் நாலைந்து தீவை முறையாகத் திறந்து, ஸ்நார்க்கெலிங், மதியச் சாப்பாடு என்று நாமே ஒரு நாள் பயணம் நடத்தினால் என்ன? நான் கிராபியில் செலவழித்த பணம் ராமநாதபுரத்து ஜனங்களுக்கு வந்திருக்குமே.

விலங்கியல்_டீச்சர்:
சார், உங்கள் மகளின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. கல்லூரிப் பிள்ளைகளைப் பல வருடம் அந்தக் கரைக்குக் கூட்டிப்போனவள் நான். ஆனாலும் திறக்கக் கூடாது என்றுதான் சொல்வேன்.

முதலில் கணக்கு. 21 தீவு என்கிறோம், அதில் விளங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். தீவுக்கு முன்னால் அலையைத் தாங்கிக்கொண்டிருந்த சுவரே அதுதான். சுவர் போனது, மண் கரைந்தது. தூத்துக்குடி பக்கம் வான் தீவும் அப்படித்தான் தேய்ந்தது. அதைக் காப்பாற்ற 2015-லிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள்.

இரண்டாவது ஆழம். நம் பவளம் பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் தண்ணீரில் இருக்கிறது, சில இடத்தில் இடுப்பளவு கூட இல்லை. நீச்சல் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட் போட்டு இறங்குகிறார், குழாயில் உப்புத்தண்ணீர் ஏறுகிறது, பயந்துபோய்க் காலை ஊன்றுகிறார். ஊன்றுகிற இடம் பவளம். கல் மாதிரித் தெரியும், ஆனால் மேலே இருக்கிற மெல்லிய தோல்தான் உயிர். பாறை மாதிரிப் பருமனாக வளரும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். கால் பட்டு உடைகிற துண்டு உங்கள் மகளின் வயதைவிட மூத்ததாக இருக்கலாம்.

மூன்றாவது சூடு. பவளத்தின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறமும் அதனால்தான், சாப்பாட்டில் பெரும்பங்கும் அதனால்தான். கடல் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் அதுதான் நடந்தது. காய்ச்சலில் கிடக்கிற வீட்டுக்கு விருந்தாளியை அனுப்புவதா?

அந்த ரொட்டி விஷயம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பவளத்தின் மேல் படர்கிற பாசியை மேய்வதுதான் பல மீன்களின் வேலை. ரொட்டிக்குப் பழகினால் அந்த வேலை கெடும். தாய்லாந்துக்காரர்களே கூட்டம் தாங்காமல் மாயா வளைகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகு உள்ளே வரக் கூடாது, நீந்தக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். 2021-ல் தேசியப் பூங்காக்களில் சிலவகை சன்ஸ்கிரீனுக்கும் தடை வந்தது. அவர்கள் அடிபட்டுக் கற்றதை நாமும் அடிபட்டே கற்க வேண்டுமா?

மாட்டுத்தாவணி_வேன்:
நான் 19 வருடமாக மதுரை–ராமேஸ்வரம் வண்டி ஓட்டுகிறேன். தீவு திறந்தால் எனக்கு சவாரி கூடும். அப்படியிருந்தும் டீச்சர் பக்கம்தான் நிற்கிறேன்.

ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பினால் விடியும்போது அக்னி தீர்த்தம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மறுநாள் அந்தக் கரையை வந்து பாருங்கள். முழுக்குப் போட்டவர்கள் விட்டுவிட்டுப் போன வேட்டி, சேலை, துண்டு எல்லாம் அலையில் புரண்டு மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும். இழுத்தால் வராது. தனுஷ்கோடியில் வண்டியை நிறுத்தினால் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர். நான் வண்டியிலேயே ஒரு சாக்கு கட்டி வைத்திருக்கிறேன், நாலு பேரில் ஒருவர் போடுவார். அதே கூட்டத்தைத் தீவில் இறக்கினால் சாக்கு யார் கட்டுவது?

சொக்கிகுளம்_தம்பி:
டீச்சரம்மா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நான் மாறுபடுகிறேன்.

பிரப்பன்வலசைப் பக்கம் கயாக் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன், ஒரு நாள் மாஸ்க் போட்டு இறங்கினேன். பெரிதாக ஒன்றும் இல்லை, கடல்புல் மட்டும்தான் என்று சொன்னார்கள். பச்சை வயல் மாதிரி அசைந்தது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு கடல்குதிரை, வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதுவரை கடற்பசுக் காப்பகம், 2022-ல் அறிவிப்பு, 448 சதுர கிலோமீட்டர் என்பதெல்லாம் எனக்குப் பரீட்சைக்கான எண். அன்றைக்குத்தான் அந்தப் புல் இல்லாவிட்டால் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, சாப்பாடு இல்லை என்பது மனதில் ஏறியது. பார்க்காத ஒன்றுக்காக யார் வந்து பேசுவார்கள்?

அந்தமானில் ஜாலி பாய் தீவு இருக்கிறதே. வண்டூரிலிருந்து படகு. தூக்கி எறிகிற பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோகக் கூடாது. தீவில் கடை கிடையாது, சாப்பாட்டை நாமே டப்பாவில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வருடத்தில் ஒரு பகுதி அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள், தீவுக்கு ஓய்வு கிடைக்கிறது. அங்கே முடிகிறது என்றால் இங்கே ஏன் முடியாது?

பாம்பன்காரன்:
இவ்வளவு பேசுகிறீர்கள், தீவுக்காரர்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. நான் பிறந்தது பாம்பன், மதுரையில் வேலை. எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர்கள்.

அம்மா இறங்குவதை ஒரு தடவை பார்த்தால் உங்கள் ஸ்நார்க்கெலிங் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். குழாய் கிடையாது, சொந்த மூச்சுதான். கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பாறை கிழிக்காமல் இருக்கப் பத்து விரலிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். அலுமினியத் தகட்டைக் காலளவுக்கு வெட்டி, பழைய செருப்பு வாரை வைத்துப் பாதத்தில் கட்டிக்கொள்வார்கள், அதுதான் துடுப்பு. இடுப்பில் பை. தண்ணீரில் சேலை இழுக்காமல் இருக்க மேலே ஒரு சட்டை. மரிக்கொழுந்துப் பாசி எது, கஞ்சிப்பாசி எது, கட்டக்கோரை எது என்று தொட்டே சொல்வார்கள். வேர்ப்பிடியை விட்டுக் கையால் மேலே கிள்ளினால்தான் மறுபடி தழைக்கும் என்று அக்காமாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அம்மாதான். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், கடையில் கடற்பாசி என்று விற்பது அதுதான். மதுரையில் கடற்பாசி போட்டு ஜிகர்தண்டா குடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வரும்.

1986-ல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து எங்கள் ஆட்கள் தீவை நெருங்கினால் குற்றம். ஒரு தடவை அம்மாவை நடுக்கடலில் மறித்து, அன்றைக்கு எடுத்த பாசி முழுவதையும் கொட்டச் சொன்னார்கள். ஆறு மணி நேர உழைப்பு. அன்று ராத்திரி அம்மா எதுவும் பேசவில்லை, விரலில் இருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காயப்போட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள் அண்ணே. பாட்டி காலத்திலிருந்து அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குத் தடை, டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு அனுமதியா? டீச்சர் மூடு என்கிறார்கள், நீங்கள் திற என்கிறீர்கள். இரண்டு பேச்சிலும் எங்கள் அம்மாவுக்கு இடம் இல்லை.

திருநகர்வாசி:
தம்பி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பணம் ராமநாதபுரத்துக்கு வரும் என்று எழுதினேன், யார் கைக்கு வரும் என்று யோசிக்கவில்லை. தப்புதான். ரொட்டி விஷயத்தில் டீச்சர் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், மகளிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் என் கருத்தை முழுசாக விடவில்லை. ஜாலி பாய் மாதிரி, ஒரு தீவு, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி, படகும் வழிகாட்டியும் பாசி எடுக்கிற குடும்பத்துக்கே என்று எழுத்தில் வைத்துத் திறந்தால்? உங்கள் அம்மாவைவிட அந்தக் கடலைக் காட்டத் தெரிந்தவர் யார்?

விலங்கியல்_டீச்சர்:
எழுத்தில் வைப்பது எளிது சார். இன்றைக்கு ஐம்பது பேர் என்று ஆரம்பிக்கும், விடுமுறை நாளில் இருநூறாகும். ஜாலி பாயையும் இதையும் ஒன்றாக வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் தெளிவு, அடி தெரியும். இங்கே காற்றுக் காலத்தில் கலங்கல், கால் எங்கே படுகிறது என்பதே தெரியாது. குருசடையில் ஏற்கெனவே வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி பரவிப் பவளத்தைப் போர்வை மாதிரி மூடிய சரித்திரம் இருக்கிறது. இன்னொரு சுமையை அது தாங்காது.

பாம்பன் தம்பி, நீங்கள் சொன்னதில் எனக்குப் பதில் இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. பூங்கா எல்லை போட்டபோது பாசி எடுக்கிற பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். எந்த மாதம் எங்கே கை வைக்கக் கூடாது என்று அவர்களுக்கே தெரியும். அதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இனி சொல்வேன்.

கோ.புதூர்_அக்கா:
தீவு, தீவு என்று சண்டை போடுகிறீர்களே, காரங்காடு போயிருக்கிறீர்களா? தொண்டி பக்கம், திருவாடானை வழி. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு, கயாக், கடல்புல் பார்க்க ஸ்நார்க்கெலிங். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்களே மதியம் சமைத்துத் தருகிறார்கள். நாங்கள் போன அன்று நண்டுக் குழம்பு. மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்தது போல ஒரு வாசம். ஓட்டை உடைக்கத் தெரியாமல் என் மகன் முழிக்க, பரிமாறிய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலை எந்தக் கணுவில் மடக்கினால் சதை முழுசாக வரும் என்று காட்டினார்கள். கிராபியில் உங்களுக்கு இது கிடைத்திருக்காது.

இன்னொன்று, பெண்களின் சிரமத்தை இங்கே யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். நனைந்த உடுப்போடு எங்கே மாற்றுவது, வயதானவர்கள் எங்கே ஒதுங்குவது? ஆள் இல்லாத தீவில் இதெல்லாம் கட்டினால் தீவு போச்சு, கட்டாவிட்டால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வர வேண்டும். சாப்பாடும் கழிவறையும் கரையில் இருப்பதுதான் நல்லது.

சொக்கிகுளம்_தம்பி:
அக்கா சொன்னது சரி. ஆனால் காரங்காட்டில் பவளம் பார்க்க முடியாதே. அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

திருநகர்வாசி:
நிற்கட்டும் தம்பி, நானும் விடப்போவதில்லை. அதற்கு முன்னால் காரங்காட்டைப் பார்த்துவிடுகிறேன். பொங்கல் லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? பாம்பன் தம்பி, கடல் எப்படி இருக்கும்?

பாம்பன்காரன்:
பொங்கலுக்கு வேண்டாம் அண்ணே. காரங்காடு வடகடல், அதாவது பாக் விரிகுடா. தை வரைக்கும் வாடைக்காற்று இருக்கும், தண்ணீர் கலங்கிக் கிடக்கும், பாப்பா தலையை விட்டால் பழுப்பாகத்தான் தெரியும். அந்தச் சமயத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா அமைதி, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துவிடும். மாசி கடைசி, பங்குனியில் வாருங்கள், பரீட்சைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து. காலை வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். மாஸ்க் பெரியவர் அளவில் கிடைத்தால் பாப்பாவுக்கு ஒட்டாது, அவளுக்கு மட்டும் மதுரையிலேயே ஒன்று வாங்கி, நீங்கள் சொன்னபடி மூக்கால் இழுத்துப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.