ஷவர் கண்ணாடிக் கதவு: சீல் மாத்தியும் தண்ணி வெளிய வருது, உதவுங்க

சத்துவாச்சாரி77
அவசரம். ஷவர் கண்ணாடிக் கதவுக்கு அடியில தண்ணி வெளிய வந்து பெட்ரூம் வரைக்கும் ஓடுது. பாத்ரூம் மரநிலை கீழ்ப்பக்கம் ஊறி உப்ப ஆரம்பிச்சாச்சு. அடி சீல், அதான் கண்ணாடி விளிம்புல மாட்டுற பிளாஸ்டிக் பட்டை, புதுசா போட்டு ரெண்டு மாசம் கூட ஆகல, அதுக்குள்ள பழையபடி. எந்த சீல் வாங்கினா நிக்கும்? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வர்றாங்க, அதுக்குள்ள முடிக்கணும்.

காட்பாடிக்காரன்
கண்ணாடி 8 மி.மீ. ஆ, 10 ஆ? கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா? தண்ணி வர்றது ஹிஞ்ச் பக்கமா, கைப்பிடி பக்கமா?

கொணவட்டம்_வீடு
சாதா சீல் எல்லாம் வேலைக்கு ஆகாது பா. மேக்னெட் சீல் போடுங்க, கதவு தானா கப்புனு ஒட்டிக்கும், சொட்டுத் தண்ணி வராது.

ராணிப்பேட்டை_கிளாஸ்
மேக்னெட் சீல் நல்லதுதான், ஆனா அது கதவு மூடுற பக்கத்துக்கு. அவர் கேட்கிறது அடியில. இன்னொண்ணு, மேக்னெட் ஜோடிக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து கிட்டத்தட்ட 2 செ.மீ. இடம் வேணும். ஏற்கெனவே 4 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டின கதவுல அது உட்காராது. டஃபன்டு கிளாஸை (சூடு பண்ணி உறுதியாக்கின கண்ணாடி) மாட்டினப்புறம் வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது, மொத்தமா நொறுங்கிடும். அளவு எடுக்கிறப்பவே முடிவு பண்ண வேண்டிய சமாச்சாரம் அது.

ரசமட்டம்
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. கண்ணாடி கனம் இல்ல, இடைவெளி அளவு இல்ல, படம் இல்ல, "எந்த சீல்" மட்டும். டாக்டர்கிட்ட போய் "எந்த மாத்திரை"ன்னு கேட்கிற மாதிரி இருக்கு. சீல்ங்கறது கடைசி வேலை தம்பி. முதல்ல வாட்டம். கதவுக்கு அடியில இருக்கிற கிரானைட் பட்டி மேல அரை டம்ளர் தண்ணி ஊத்துங்க. உள்ள ஓடணும். அங்கேயே நின்னாலும் தப்பு, வெளிய ஓடினாலும் தப்பு. 10 செ.மீ. அகலப் பட்டிக்கு உள்பக்கம் 2 முதல் 3 மி.மீ. இறக்கம் இருக்கணும். மட்டமா வச்சிட்டா எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் தண்ணி அதுக்கடியில ஊர்ந்து வெளிய வரும். சீல் தெறிக்கிற தண்ணியைத்தான் தடுக்கும், தேங்கின தண்ணியைத் தடுக்காது.

சத்துவாச்சாரி77
10 மி.மீ. வெளிப்பக்கம் திறக்கும். கைப்பிடி பக்கம் கீழ் மூலையில வருது. படம் அப்புறம் போடறேன், ஆபீஸ்ல இருக்கேன்.

தோட்டப்பாளையம்_ப்ளம்பிங்
வீட்ல பிரஷர் பம்ப் இருக்கா? ஷவர் எந்தச் சுவத்துல? தலைக்கு மேல ஷவர் நேரா கதவைப் பார்த்து இருந்தா முதல்ல அதைத் திருப்புங்க. பம்ப் போட்ட வீட்ல 4, 5 மி.மீ. சந்துல தண்ணி ஊசி மாதிரி பாயும். ஹிஞ்ச் இருக்கிற இடத்துல சீல் ஓடாது, மேலயும் கீழயும் துண்டு துண்டாத்தான் போட முடியும். ஃப்ரேம் இல்லாத கதவு தொட்டி மாதிரி அடைபடாது, அந்த எதிர்பார்ப்பே வேணாம்.

கொணவட்டம்_வீடு
அப்ப கீழ் சந்து முழுக்க சிலிகான் அடிச்சிட்டா?

ராணிப்பேட்டை_கிளாஸ்
திறக்கிற கதவுக்கு அடியில சிலிகான் அடிச்சா கதவு எப்படி திறக்கும் சார்.

சத்துவாச்சாரி நண்பரே, ஸ்டீல் ஸ்கேல் எடுத்து நாலு அளவு சொல்லுங்க: (1) கதவுக்கு அடியில ஹிஞ்ச் பக்கம், (2) அடியில கைப்பிடி பக்கம், (3) மூடுற பக்கம் மேல, (4) மூடுற பக்கம் கீழ. சீலைக் கழட்டிட்டு கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவுல எடுங்க. கழட்டின சீலையும் பாருங்க, எந்த முனை கிழிஞ்சிருக்குன்னு.

காட்பாடிக்காரன்
அதோட, அடி சீல்ல ரெண்டு உதடு இருக்கும். ஒண்ணு நேரா கீழ தொங்கும், இன்னொண்ணு சாய்வா நீட்டிக்கிட்டு இருக்கும். சாய்வானது உள்பக்கம் பார்க்கணும், கண்ணாடியில வழியற தண்ணியை அதுதான் உள்ள தள்ளும். பாதி வீட்ல மாத்திப் போட்டிருக்காங்க.

சத்துவாச்சாரி77
1) 9, 2) 7, 3) 1 இருக்கும், 4) 7. சாய்வு உதடு உள்பக்கம்தான். கைப்பிடி முனையில சீல் மடங்கிக் கிழிஞ்சிருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்தானே வித்தியாசம், அதுக்கா இவ்வளவு தண்ணி?

ராணிப்பேட்டை_கிளாஸ்
கதவு இறங்கியிருக்கு. உங்க சீல்ல குத்தமில்ல.

கதவோட உயரம் அகலத்தைப் போல கிட்டத்தட்ட மூணு பங்கு. அகலத்துல 2 மி.மீ. இறங்கினா உயரத்துல 6 மி.மீ. கோணும். அதான் மேல 1, கீழ 7. மூடுற பக்கம் சீல் உதடு 4, 5 மி.மீ. சந்துக்குத்தான் எட்டும், கீழ 7 இருக்கிற இடத்துல வாய் பிளந்துக்கிட்டு நிக்குது. தண்ணி வர்றது அங்க இருந்து. அடி சீல் 9 மி.மீ.க்கு வெட்டினது, கைப்பிடி பக்கம் 7ல தேய்ஞ்சு உள்ள மடிஞ்சு கிழியுது. இன்னும் பத்து சீல் போட்டாலும் இதே கதிதான்.

சரி பண்ற விதம். ரெண்டு பேர் வேணும், கட்டாயம். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. 700க்கு 1950 மி.மீ. கதவுன்னா 34 கிலோ. செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்குங்க. டஃபன்டு கிளாஸோட உயிர் அதோட விளிம்புலயும் மூலையிலயும்தான், டைல்ஸ்ல ஒரு முறை இடிச்சா போச்சு. அதனால தரையில அட்டையோ ரப்பர் மேட்டோ விரிச்சிட்டு ஆரம்பிங்க.

கைப்பிடி பக்கம் அடியில மரச்சக்கை ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு எதிரெதிரா சொருகி, கதவோட பாரம் அதுல உட்காரட்டும். ரெண்டு ஹிஞ்ச்லயும் கண்ணாடியைப் பிடிக்கிற தகட்டு ஸ்க்ரூவை ஆலன் கீயால அரைச்சுத்து, முக்கால்சுத்து தளர்த்துங்க. கழட்டிடாதீங்க. கண்ணாடியில ஹிஞ்சுக்கு வெட்டின இடம் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும், அதுக்குள்ள கதவு நகர இடம் கிடைக்கும். சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமா தட்டித் தூக்குங்க, மூடுற பக்கம் மேலயும் கீழயும் 4, 4 வர்ற வரைக்கும். அப்புறம் குறுக்கு மறுக்கா, மேல இடது, கீழ வலதுன்னு மாத்தி மாத்தி இறுக்குங்க. ஒரே ஸ்க்ரூவை ஒரேயடியா இறுக்கினா கண்ணாடி தெறிச்சிடும்.

தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மெத்தை மாதிரி வைக்கிற கேஸ்கெட் முழுசா இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நசுங்கியிருந்தா மாத்தாம இறுக்கக் கூடாது. கதவு இறங்கறதுக்குப் பாதிக் காரணம் அந்த கேஸ்கெட்தான். சுவர்ப் பக்கம் ஹிஞ்ச் ஆடுதான்னும் கையால அசைச்சுப் பாருங்க. சுவத்துல ஸ்க்ரூ பிடிக்கிற ப்ளக் லூஸா இருந்தா இது எதுவும் நிக்காது.

கடைசியில புது சீல். 10 மி.மீ. கண்ணாடிக்குன்னு கேட்டு வாங்குங்க, 8க்கானதை விரிச்சு மாட்டினா கழண்டு வரும். உதடு கல்லை 1 மி.மீ. தொட்டா போதும், அழுத்தக் கூடாது.

ரசமட்டம்
இறங்கினது சரி. ஆனா கல் வாட்டம் பத்தி இன்னும் பதில் வரல. அது தப்பா இருந்தா கதவைத் தூக்கியும் பலன் இல்ல.

கொணவட்டம்_வீடு
பக்கத்துல நிலையா நிக்கிற கண்ணாடிக்காவது உள்ளயும் வெளியயும் ரெண்டு பக்கம் சிலிகான் அடிச்சிடுங்க, ஒரேயடியா தொல்லை விட்டது.

தோட்டப்பாளையம்_ப்ளம்பிங்
ரெண்டு பக்கமும் அடிக்காதீங்க. உள்பக்கம் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா போதும், தண்ணி யு-சேனல்ல, அதான் நிலைக் கண்ணாடி உட்கார்ற உலோகப் பள்ளத்துல, புகுந்து வெளிய வர வழியில்லாம தேங்கும். கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறது அப்படித்தான். வெளிப்பக்கம் மட்டும் போதும்.

காட்பாடிக்காரன்
வெளிப்பக்கம் மட்டும்னா தினமும் சேனல் நனையுமே? சேனல் ஸ்க்ரூ ஓட்டையில சிலிகான் நிரப்பாம மாட்டியிருந்தா தண்ணி நேரா கல்லுக்கடியில இறங்கும். அப்புறம் மறுபக்கச் சுவத்துல ஓதம். நான் உள்பக்கம்தான் சொல்வேன்.

தோட்டப்பாளையம்_ப்ளம்பிங்
ஓட்டை நிரப்பாதது மாட்டினவர் தப்பு. அதை வெளிய இருந்து மூட முடியாது, கழட்டி நிரப்பணும்.

ராணிப்பேட்டை_கிளாஸ்
எந்தப் பக்கம் அடிச்சாலும் நியூட்ரல் சிலிகான், பூஞ்சை தடுக்கிற பாத்ரூம் வகை. காடி வாசம் அடிக்கிறது அசிட்டிக். அது மார்பிளை அரிக்கும், பித்தளை ஹிஞ்சையும் கெடுக்கும். பழசு மேல புதுசு ஒட்டவே ஒட்டாது, பிளேடால சுத்தமா சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்ல துடைச்சு, காய விட்டு அடிங்க. கத்தரி வெயில்ல மேல்தோல் சீக்கிரம் கட்டிக்கும், மாஸ்கிங் டேப்பை உடனே உரிச்சிடணும். 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது. ஞாயித்துக்கிழமை விருந்தாளின்னா வெள்ளிக்கிழமையே முடிச்சிடுங்க.

கொணவட்டம்_வீடு
நம்ம போர் தண்ணி உப்புக்கு சீல் எல்லாம் கல்லு மாதிரி ஆயிடுது. வாரம் ஒருமுறை ஆசிட் ஊத்திக் கழுவுங்க.

காட்பாடிக்காரன்
ஆசிட் வேணாம். பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக், எஸ்.எஸ். 304 ஹிஞ்சைக்கூட புள்ளி புள்ளியா அரிச்சிடும். அதோட பிளீச்சிங் கலந்தா குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. வினிகரும் தண்ணியும் சரிபாதி, துணியில நனைச்சு சீல் மேல 10 நிமிஷம் சுத்தி வச்சுக் கழுவினா உப்பு விட்டுடும். மார்பிள் மேல மட்டும் அதுவும் படக் கூடாது. குளிச்சதும் வைப்பரால ஒரு இழுப்பு இழுத்தா உப்பே படியாது.

சத்துவாச்சாரி77
தூக்கி இறுக்கியாச்சு, மேல் கேஸ்கெட் நசுங்கியிருந்தது, மாத்தியாச்சு. 4, 4. இன்னிக்குக் குளிச்சதுல தண்ணி வரல. எல்லாருக்கும் நன்றி.

ரசமட்டம்
கல்லு மேல தண்ணி ஊத்திப் பார்த்தீங்களா? வெளிப்பக்கம் ஓடினா கல்லைப் பெயர்க்க வேணாம், கதவுக்கு நேர் அடியில அரைவட்டப் பட்டி ஒண்ணை நியூட்ரல் சிலிகான்ல ஒட்டுங்க, ரெண்டு முனையும் சுவரோட சேர்த்து அடைச்சு. அது உயர்ற அளவுக்கு அடி சீல் உதட்டை வெட்டிக்கணும்.

ராணிப்பேட்டை_கிளாஸ்
ஒரு மாசம் கழிச்சு அதே நாலு அளவு திரும்ப எடுங்க. புது கேஸ்கெட் அமுங்கி உட்காரும், ஸ்க்ரூ கால்சுத்து எடுத்துக்கும்.

ரசமட்டம்
சத்துவாச்சாரி, கல் வாட்டம்?

வாலாஜா_மாடிவீடு
எனக்கும் இதே பிரச்சினைதாங்க, ஆனா ஹிஞ்ச் பக்கம் வருது. எந்த சீல் போடலாம்?

காட்பாடிக்காரன்
கண்ணாடி எத்தனை மி.மீ.? ஹிஞ்ச் சுவத்துலயா, இன்னொரு கண்ணாடியிலயா?