எச் சுட்டெண்ணா, எச்சுட்டெண்ணா?

வணக்கம். உயர்தர கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்று செய்கிறோம். கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்தவர். கொழும்பு, மலாயா, மெல்பேர்ண் என்று கற்பித்தவர். கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்துக்கு அவர் 1940களில் எழுதிய சமன்பாடு இன்றைய லேசர் ஆய்வுகளில் எலியேசர்–ஃபோர்ட்–ஓ’கொனெல் சமன்பாடு என்று வருகிறது. ஆய்வாளரின் வேலையை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். 2005இல் பௌதிகவியலாளர் ஹேர்ஷ் சொன்ன h-index என்ற அளவுதான் சிக்கல். ஒருவரின் ஐந்து கட்டுரைகள் பிற கட்டுரைகளில் 25, 8, 5, 3, 3 தடவை மேற்கோளாகியிருந்தால் எச் = 3. மூன்று கட்டுரைகளுக்குத் தலா மூன்று மேற்கோளாவது உண்டு, நான்கு கட்டுரைகளுக்குத் தலா நான்கு இல்லை. அந்த 25ஆல் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை! இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.
— உப்புவெளி ஆசிரியை

‘எச் குறியீட்டெண்’ போதும். சுட்டி, சுட்டெண் என்றெல்லாம் போனால் எங்கள் பிள்ளைகள் கணினி மவுஸைத் தேடுவார்கள்.
— கோயம்புத்தூர்

இங்கே விலைவாசிக்கே சுட்டெண்தான், அண்ணா. குறியீடு என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் அடையாளம்.
— உப்புவெளி ஆசிரியை

தங்கச்சி, சுட்டெண் இருக்கட்டும். முதலில் ‘மேற்கோள்’ சரியா? சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும். அங்கே மேற்கோள் என்பது தான் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, பிறர் வாக்கு அல்ல. பிறர் சொன்னதை ஏற்பதற்குத் தொல்காப்பியத்தில் ‘பிறன் உடன்பட்டது தான் உடம்படுதல்’ என்றே ஓர் உத்தி உண்டு. ஆகவே ‘உடம்பாட்டெண்’. கோள் என்றால் புறங்கூறுதலும் ஆகும் என்பதையும் யோசியுங்கோ.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமலை

ஐயா, மறுப்பதற்காக எடுத்துக்காட்டினாலும் கணக்கில் ஒன்று கூடும். அது உடம்பாடா? அதோடு, ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியர் பெயர் சொல்லாமல் விட்ட முன்னோருக்கு எச் எத்தனை?
— நிலாவெளி

பூச்சியம்!
— கோயம்புத்தூர்

‘எடுத்தாட்சி எண்’?
— மட்டக்களப்பு

ஆட்சி என்றதும் தேர்தல் ஞாபகம் வருகிறது. சேர்த்தெழுதி ‘மேற்கோட்சுட்டெண்’ என்றால் என்ன? ள், ட் ஆகும், புணர்ச்சி சுத்தம்.
— நிலாவெளி

வகுப்பில் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பையன் ‘மேல் கோட், சூட்டு எண்’ என்று பிரித்தான். தையல்கடை விலாசமா என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். சரி, ‘எச் சுட்டெண்’ என்றே போடுகிறேன்.
— உப்புவெளி ஆசிரியை

அதுதான் பெரிய ஆபத்து, தங்கச்சி. வினா எகரத்தின் முன் வல்லினம் மிகும். எ + சுட்டெண் = எச்சுட்டெண், அதாவது ‘எந்தச் சுட்டெண்?’ பௌதிகவியலாளர் எட்வேட் விற்றனின் எச்சுட்டெண் 110 என்று எழுதினால் வினாவும் விடையும் ஒரே வரியில் வந்துவிடும். ‘ஹேர்ஷ் எண்’ என்று ஆளின் பெயரையே வையுங்கோ.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமலை

அந்த 110 ஹேர்ஷே 2005இல் தன் கட்டுரையில் கொடுத்த கணக்கு, ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஆனால் ‘ஹேர்ஷ்’ வேண்டாம். முதலெழுத்தும் கிரந்தம், கடைசியும் கிரந்தம். ‘ஏர்சு’ எனலாம்.
— கோயம்புத்தூர்

ஏர்சு எண் என்றால் கமத்தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் போகும்.
— மட்டக்களப்பு

செவ்வாய் இரவு. ஐந்து பேர் எச்-சுட்டெண், ஐயா மட்டும் எதிர். நடுவில் சிறுகோடு போட்டிருக்கிறேன். impact என்பதற்கான ‘தாக்கம்’ என்ற சொல்லை நான் கிளப்பவே இல்லை, அதற்கு இன்னொரு வாரம் போகும்.
— உப்புவெளி ஆசிரியை

கையேடு கிடைத்தது. ஏழாம் பக்கம் பார்த்தீர்களா? அச்சகத்தில் சிறுகோட்டைத் தின்றுவிட்டார்கள். என் எதிர்ப்பு நிற்கிறது.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமலை